நிலமும் நற்கருணையும்: முதலாம் எலிசபெத்தின் சமயத் தீர்வு பற்றிச் சில குறிப்புகள்

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியினது ஆட்சிக்காலம் (1558–1603) பற்றி எழுதப்பெற்றுள்ள நூல்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றில் நாம் எதிர்கொள்வது ஆளுமைப் புகழ்ச்சியே. அரசியின் மதிநுட்பம், பொறுமை, திருமணத்தைத் தள்ளிப்போட்ட சாதுரியம் என்பனவே அந்நாட்டைச் சமயப் போரிலிருந்து காத்தன என்பது இந்நூல்களின் பொதுவான துணிபு. 1934இல் வெளிவந்த ஜே. ஈ. நீல் அவர்களின் வாழ்க்கை வரலாறு இப்போக்கின் செல்வாக்கு மிக்க எடுத்துக்காட்டு ஆகும். இதற்கு எதிர்நிலையில், முற்போக்காளர் எனப்படும் நம்மவரிடையே வேறொரு சுருக்கவழி வழக்கிலுள்ளது. சமயம் என்பது வர்க்க நலன்கள் அணிந்துகொண்ட முகமூடி. அதனைக் கழற்றினால் உள்ளே நிலமும் பணமும் காணப்படும் என்று கூறி அவர்கள் அமைதி கொள்வர். முன்னையது கருத்துமுதல்வாதம் எனில், பின்னையது சோம்பேறித்தனமான பொருள்முதல்வாதம் ஆகும். நிலமும் பணமும் உள்ளே இருந்தன என்பது மெய். இக்கட்டுரை அவற்றிலிருந்தே தொடங்குகின்றது. ஆயினும் முகமூடிக்காக எவரும் உயிர்விடுவதில்லை. நிலம் எதுவுமில்லாத மாந்தர் இக்காலத்தில் நற்கருணையின் பொருட்டு இறந்தனர் என்ற உண்மைக்கும் நாம் விளக்கங் கூறியாதல் வேண்டும்.

எட்டாம் ஹென்றி 1536இற்கும் 1540இற்கும் இடையில் ஏறத்தாழ எண்ணூறு துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் உடைமைகளை முடிக்கு உரியனவாக்கினான். மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் தொகுதியில், ஆதி மூலதனத் திரட்சியை ஆராயுமிடத்து, திருச்சபைச் சொத்துக்கள் கொள்ளையிடப்பட்ட இந்நிகழ்ச்சிக்குத் தனியிடம் அளித்துள்ளமை யாவரும் அறிந்ததே. அந்நிலம் முடியின் கையில் நெடுங்காலம் தங்கவில்லை. 1540களில் பிரான்சுடனும் ஸ்கொத்லாந்துடனும் நடந்த போர்களின் செலவை ஈடுசெய்ய அது தொடர்ந்து விற்கப்பட்டது. வாங்கியோர் கிராமப்புறக் கனவான்கள், அரசவை அலுவலர், வழக்கறிஞர், நகர வணிகர். ஈண்டு ஒன்றை அழுத்திக் கூறுதல் தகும். வாங்கியவர்கள் எல்லோரும் புதிய சமயத்தை விரும்பியவர்களல்லர். பழைய நம்பிக்கையில் ஊறிய குடும்பங்களும் மடத்து நிலங்களை ஆவலோடு வாங்கின. பூசையை இழந்ததற்காக வருந்திய கனவான், பூசை நடந்த மடத்தின் வயலை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கவில்லை.

இதன் முழு விளைவு 1553இல் மேரி அரசியானபோதே வெளிப்பட்டது. இங்கிலாந்தை மீண்டும் றோமுடன் இணைப்பதே அவளது வாழ்வின் நோக்கம். பாப்பரசரின் தூதராகக் கர்தினால் போல் அனுப்பப்பட்டார். ஆனால் அவர் 1554 நவம்பர் வரை இங்கிலாந்தின் கரையில் கால்வைக்க இயலவில்லை. மடத்து நிலங்களை வைத்திருப்போர் அவற்றை இழக்கமாட்டார்கள் என்ற உறுதி முதலிற் கிடைத்தாக வேண்டியிருந்தது. உறுதி கிடைத்தது, அதன் பின்னர் பாராளுமன்றம் முழந்தாளிட்டுப் பாவமன்னிப்புப் பெற்றது. ஹென்றியின் சட்டங்களை நீக்கிய அதே சட்டவாக்கத்திலேயே நில உரிமைக்கான உத்தரவாதமும் எழுதப்பட்டது. பாப்பரசரின் தலைமை திரும்பியது, நிலம் திரும்பவில்லை. எலிசபெத் முடிசூடுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, கத்தோலிக்க அரசியொருத்தியின் கையாலேயே, இங்கிலாந்தின் ஆளும் வர்க்கம் தனது எல்லைக் கோட்டை வரைந்துவிட்டது எனலாம். வழிபாடு பேரம் பேசுதற்குரியது, நிலம் அவ்வாறன்று.

1558 நவம்பர் 17ஆம் நாள் எலிசபெத் அரசுரிமை எய்தியபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. கருவூலம் கடன்பட்டிருந்தது. பிரான்சுடன் போர் முடிவுறவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் கலே நகரம் கைநழுவிப் போயிருந்தது. அவளது தாயான ஆன் போலினின் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றதில்லை. அச்சட்டத்தின்படி அவள் முறைகேடாகப் பிறந்தவள். முடிக்கு உரியவள் ஸ்கொத்லாந்தின் மேரி ஸ்ருவட். இவற்றோடு அவள் பெண் என்பதும் ஒரு சமயப் பிரச்சினையாக இருந்தது. பெண்ணாட்சி இறை நியதிக்கு மாறானது என்று வாதிட்டு ஜோன் நொக்ஸ் எழுதிய நூல் அதே 1558இல் ஜெனீவாவில் அச்சாகியிருந்தது. அவர் குறிவைத்தது கத்தோலிக்க அரசியரை. அடி விழுந்தது புரட்டஸ்தாந்து அரசியின் மீது. எலிசபெத் நொக்ஸை ஒருபோதும் மன்னிக்கவில்லை.

1559ஆம் ஆண்டின் பாராளுமன்றம் இரு சட்டங்களை நிறைவேற்றியது. மேலாண்மைச் சட்டம் பாப்பரசரின் அதிகாரத்தை அகற்றி அரசியைத் திருச்சபையின் ‘அதியுயர் ஆளுநர்’ ஆக்கியது. ‘தலைவர்’ என்ற ஹென்றி காலத்துச் சொல் கைவிடப்பட்டது. பெண்ணைத் தலைவர் என அழைக்கத் தயங்கியோரும், கிறிஸ்துவன்றி வேறு தலைவர் இல்லை என்றோரும் இச்சொல் மாற்றத்தால் ஓரளவு அமைதியுற்றனர். ஒருமைப்பாட்டுச் சட்டம் பொதுச் செபப் புத்தகத்தை நாடெங்கும் கட்டாயமாக்கி, ஞாயிறு வழிபாட்டுக்கு வராதோருக்குப் பன்னிரண்டு பென்ஸ் தண்டம் விதித்தது. பிரபுக்கள் சபையில் இது 21இற்கு 18 என்ற வாக்குகளால், அஃதாவது மூன்றே வாக்குகளால், நிறைவேறியது. அவையிலிருந்த மேற்றிராணிமார் அனைவரும் எதிர்த்தே வாக்களித்தனர். அவர்களுள் இருவர் அப்போது இலண்டன் கோபுரச் சிறையிலிருந்தமையால் வாக்களிக்க இயலவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தேசத்தின் மனமாற்றம் என்று பாடநூல்கள் பேசும் நிகழ்ச்சியின் பருமன் இதுதான்.

இலக்கிய மாணவர் என்ற வகையில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது அச்செபப் புத்தகத்தின் மொழியே. நற்கருணை வழங்கும்போது குரு கூறவேண்டிய சொற்கள் 1549ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒருவகையாகவும் 1552ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வேறு வகையாகவும் இருந்தன. முன்னையது, அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உண்டு என நம்புவோருக்கு இடமளித்தது. பின்னையது, அது நினைவுகூரல் மாத்திரமே எனக் கொண்டோருக்கு உரியது. 1559இல் இவ்விரு வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டன. பீடத்தின் முன் முழந்தாளிட்ட இருவர் ஒரே வசனத்தைக் கேட்டு நேர்மாறான இரு பொருள்களைக் கொண்டு வீடு திரும்பலாம். அரசு வேண்டுமென்றே உருவாக்கிய இருபொருண்மை இது. மனிதரின் உள்ளத்துள் சாளரங்கள் அமைக்க அரசி விரும்பவில்லை என்ற கருத்துப்பட பிரான்சிஸ் பேக்கன் பின்னாளில் எழுதியது பெருந்தன்மையாகவே மேற்கோள் காட்டப்படுவது வழக்கம். ஆனால் உள்ளத்தை விட்டுவைத்த அரசு உடலின் வருகையை வாரந்தோறும் எண்ணியது. அதே பாராளுமன்றம் நிறைவேற்றிய பிறிதொரு சட்டத்தின் வாயிலாக, ஆசனம் வெறுமையான மேற்றிராணியாரின் நிலங்களை முடி எடுத்துக்கொண்டு பதிலாகத் தசமபாக வருமானங்களைக் கொடுக்கவும் வழிசெய்யப்பட்டது. ஈலி மறைமாவட்டம் 1581 முதல் பதினெட்டு ஆண்டுகள் மேற்றிராணியார் இன்றியே கிடந்தது. அதன் வருமானம் கருவூலத்துக்குச் சென்றது. சமயச் சொற்கள் நெகிழ்ச்சியாக இருந்த இடத்தில் சொத்துச் சொற்கள் மிகத் தெளிவாக இருந்தன.

கிராமங்களில் இம்மாற்றம் எவ்வாறு உணரப்பட்டது? இவ்வினாவுக்கு முந்திய தலைமுறை வரலாற்றாசிரியர்களிடம் விடை குறைவு. ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட மோபாத் என்னும் சிற்றூர் பற்றிய ஆய்வு இவ்வகையில் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றது. டெவன் மாநிலத்துச் சிறு வேளாண் ஊர் அது. கிறிஸ்தோபர் ட்ரிக்கி என்ற குரு 1520 முதல் 1574 வரை, அரசர்கள் மாறியபோதும் சமயம் மாறியபோதும், அவ்வூரிலேயே பணிசெய்து கோயிற் கணக்குகளை எழுதிவைத்தார். புனிதர்களின் சுருவங்களுக்கு முன் விளக்கெரிப்பதற்காக ஊரவர் செம்மறியாடுகளைப் பொதுவில் வளர்த்தனர். இளைஞருக்கும் கன்னியருக்கும் தனித்தனி நிதியங்கள் இருந்தன. கோயில் என்பது அங்கு வழிபடும் இடம் மட்டுமன்று, ஏழை வேளாளரின் கூட்டுப் பொருளாதாரமும் ஆகும். ஆறாம் எட்வேட்டின் காலத்தில் சுருவங்கள் அகற்றப்பட்டபோது இந்நிதியங்களும் அழிந்தன. 1549இல் மேற்குப் பகுதி மக்கள் புதிய செபப் புத்தகத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது மோபாத் ஐந்து இளைஞரை ஆயுதம் கொடுத்து அனுப்பியதென டஃபி காட்டுகின்றார். டஃபி கத்தோலிக்கர், அவரது பரிவு எப்பக்கம் என்பது வெளிப்படை. அதனால் அவர் தரும் சான்றுகளை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாறாக, அடிப்படைப் பொருளாதார உறவுகளைத் தேடும் நாம் செய்திருக்க வேண்டிய ஆய்வை அவர் செய்துள்ளார் என்பதே என் எண்ணம். மோபாத் வேளாளருக்குப் பழைய சமயம் முகமூடியன்று. அவர்களின் உழைப்பும் உறவும் ஒழுங்குபெற்ற வடிவமே அது.

இதனை மனங்கொண்டு நோக்கும்போதுதான் 1569ஆம் ஆண்டின் வடபுலக் கலகம் விளங்கும். 1568 மே மாதத்தில் மேரி ஸ்ருவட் தன் நாட்டிலிருந்து தோல்வியுற்று ஓடிவந்து இங்கிலாந்திற் புகலடைந்திருந்தாள். வடக்கின் பழம்பெருங் குடும்பங்களான பேர்சிகளும் நெவில்களும் தம் பரம்பரைப் பதவிகள் தெற்கிலிருந்து வந்த அரசவை மனிதருக்குச் செல்வது கண்டு பொருமிக்கொண்டிருந்தனர். நொதம்பலன், வெஸ்மோலன் பிரபுக்கள் 1569 நவம்பரில் டறம் பேராலயத்துட் புகுந்து, ஆங்கில விவிலியத்தையும் செபப் புத்தகத்தையும் கிழித்தெறிந்து, பழைய பூசையை நடத்துவித்தனர். தலைவர்களைப் பொறுத்தவரை இது மத்திய அரசால் நெரிக்கப்பட்ட நிலமானியத்தின் இறுதி மூச்சு என்பது பொருந்தும். பின்சென்ற உழவருக்கு அது பொருந்தாது; இழக்க அவர்களிடம் பதவி எதுவும் இருக்கவில்லை. கலகம் சில வாரங்களிற் கரைந்தது. எஞ்சிய கத்தோலிக்கப் பிரபுக்கள் அசையவேயில்லை.

தண்டனை வழங்கப்பட்ட முறை நம் கவனத்துக்குரியது. ஏறத்தாழ எழுநூறு பேரைத் தூக்கிலிடுமாறு கட்டளை பிறந்தது. ஊருக்கு இத்தனை பேர் எனத் தொகை வகுக்கப்பட்டது. நிலமற்ற ஏழைகளை இராணுவச் சட்டத்தின் கீழ் உடனே தூக்கிலிடலாம். ஆனால் நிலமுடையோரை அவ்வாறு செய்யலாகாது, அவர்களை முறைப்படி விசாரித்தால்தான் நிலம் முடிக்குச் சேரும் என்று அலுவலர்க்கு அறிவுறுத்தப்பட்டது. தூக்கிலிடப்பட்டோரின் உண்மைத் தொகை கட்டளையிடப்பட்டதிலும் குறைவாயினும் அது பல நூறு ஆகும். வெஸ்மோலன் பிரபு பிளாந்தரசுக்குத் தப்பியோடினான். நொதம்பலன் பிரபு 1572இலேயே யோர்க்கில் தலை வெட்டுண்டான். அரசியின் மிதவாதத்தை வியந்து எழுதுவோர் இந்த 1570ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை ஒரு பந்தியிற் கடந்து செல்வது வழக்கம்.

கலகம் அடங்கிய பின்னரே றோமின் ஆதரவு வந்தது. 1570 பெப்ரவரி 25ஆம் நாள் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் எலிசபெத்தைச் சபைவிலக்குச் செய்து, குடிகளை அவளுக்குக் கீழ்ப்படியும் கடப்பாட்டிலிருந்து விடுவித்தார். இங்கிலாந்தின் கத்தோலிக்கருக்கு இதைவிடப் பெருந்தீங்கு எதுவும் நேர்ந்ததில்லை. அதுவரை அவர்கள் பழைய வழிபாட்டை விரும்பும் குடிகள். அன்று தொட்டு ஒவ்வொருவரும் துரோகி ஆகக்கூடியவர். டுவே நகரில் 1568இல் நிறுவப்பட்ட குருமடத்திலிருந்து 1574 முதல் இளங்குருமார் மறைவாக வரத் தொடங்கினர்; 1580இல் யேசு சபையினர் வந்தனர். அரசின் பதில் சட்டங்களாக வந்தது. 1581இல் வழிபாட்டுக்கு வராதோர்க்கான தண்டம் மாதம் இருபது பவுணாக உயர்ந்தது. நிலமுடைய குடும்பத்தையே சில ஆண்டுகளிற் குலைக்கவல்ல தொகை அது. 1585ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டிற் குருப்பட்டம் பெற்று இங்கு நிற்பதே இராசத்துரோகம் என்றது. ஆட்சி முடிவதற்குள் இருநூறுக்குச் சற்றுக் குறைவான கத்தோலிக்கர் கொல்லப்பட்டனர். மேரி நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 280 புரட்டஸ்தாந்தியரை எரித்தாள் என்பதோடு இதனை ஒப்பிட்டு ஆறுதல் கொள்வோர் உளர்.

இவர்கள் சமயத்துக்காக அன்றி அரசியற் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டனர் என வில்லியம் செசில் 1583இல் ஒரு நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே வில்லியம் அலன் அதனை மறுத்தெழுதினார். இவ்விவாதத்தில் இருவருமே பாதி உண்மை பேசினர். குருமாரிற் பெரும்பாலோர் கலகத்துக்கு வரவில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கவே வந்தனர். அதேவேளை அலன் ஸ்பானியப் படையெடுப்பை ஆதரித்தார் என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆனால் யோர்க் நகர இறைச்சிக் கடைக்காரரின் மனைவி மாகிறெற் கிளிதரோவை இவ்விரு நூல்களில் எதிலும் அடக்க முடியாது. குருமாருக்கு வீட்டில் மறைவிடம் அளித்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றவாளியா இல்லையா எனப் பதிலளிக்க அவர் மறுத்தார். வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளே சாட்சியாக அழைக்கப்படுவர் என்பது அவரது அச்சமாக இருந்திருக்கலாம். பதிலளிக்க மறுப்போர்க்கான சட்டத்தின்படி 1586 மார்ச் 25ஆம் நாள் அவர் மீது கனத்த பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றனர். அவரிடம் மடத்து நிலமும் இல்லை. ஸ்பானிய மன்னனின் கடிதமும் இல்லை.

மேரி ஸ்ருவட்டைச் சுற்றி நிகழ்ந்த சதிகள் நாவலாசிரியர்க்கு உவப்பானவை. இங்கு அவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1572இல் நோபோக் கோமகனும் 1587 பெப்ரவரி 8இல் மேரியும் தலை வெட்டுண்டனர். முடிசூடிய ஒருத்தியைச் சட்டத்தின் பெயரால் விசாரித்துக் கொல்லலாம் என்ற முன்னுதாரணம் எத்துணை ஆபத்தானது என்பதை எலிசபெத் உணர்ந்தே இருந்தாள். ஆணையை அனுப்பிய செயலாளர் டேவிசனைச் சிறையிலிட்டுப் பழியை அவர் தலையிற் சுமத்தினாள். 1588இல் வந்த ஏறத்தாழ 130 கப்பல்களைக் கொண்ட ஸ்பானியக் கடற்படை புறப்பட்டது லிஸ்பனிலிருந்து. 1580இற் போர்த்துக்கல்லின் முடியும் இரண்டாம் பிலிப்பின் கைக்கு வந்திருந்தமையே காரணம். அதே 1580இல் நமது நாட்டிற் கோட்டை அரசன் தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கு உரித்தெழுதினான் என்பதையும், 1597இல் அவன் இறந்தபோது அவ்வுரிமை இதே பிலிப்பைச் சேர்ந்தது என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடலாம். எலிசபெத்தின் பகைவன் ஐரோப்பிய மன்னன் மட்டுமல்லன்.

அரசிக்குக் கத்தோலிக்கர் வெளிப்படையான அபாயம்; தூய்மைவாதிகள் உள்ளிருந்து எழுந்த அபாயம். இப்பின்னையதே வரலாற்று முக்கியத்துவம் மிக்கது என்பேன். திருச்சபையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டனர் என்பது இவர்களின் முறைப்பாடு. 1560களில் குருமாரின் மேலாடை பற்றியதாகத் தொடங்கிய பூசல், 1570இல் கேம்பிரிட்ஜில் தோமஸ் காட்றைட் ஆற்றிய விரிவுரைகளோடு மேற்றிராணிமாரே வேதத்தில் இல்லை என்ற நிலையை அடைந்தது. குருமார் கூடி வேதத்தை விளக்கிப் பயிலும் கூட்டங்களை அடக்குமாறு அரசி கட்டளையிட்டபோது கன்ரபரி அதிமேற்றிராணியார் கிறிண்டல் மறுத்து நீண்ட கடிதம் எழுதினார். 1577இல் அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். 1583இல் இறக்கும் வரை அந்நிலை நீடித்தது. அரசி கத்தோலிக்க இளவரசனை மணப்பதைக் கண்டித்து எழுதிய ஜோன் ஸ்ரப்ஸின் வலக்கை 1579இல் வெட்டப்பட்டது. அவர் இடக்கையால் தொப்பியைக் கழற்றி அரசியை வாழ்த்தினார். அவ்வாழ்த்தை அடிமைப் புத்தி எனச் சிலர் கொள்வர். எனக்கு அது வேறாகத் தோன்றுகின்றது: அரசியை அரசியின் பெயராலேயே எதிர்க்கும் மொழியொன்று உருவாகிக்கொண்டிருந்தது.

1576இல் பீற்றர் வென்வேத் பாராளுமன்றப் பேச்சுரிமை பற்றிப் பேசியபோது அவரை இடைமறித்துச் சிறைக்கு அனுப்பியது அரசியல்ல, பொதுமக்கள் சபையே. நீல் கற்பனை செய்த ஒழுங்கமைந்த தூய்மைவாத எதிரணி பாராளுமன்றத்தில் இருந்ததில்லை என எல்டன் 1986இல் நிறுவ முயன்றதை இத்தகைய செய்திகள் வலுப்படுத்தும். ஆனால் எல்டன் தேடிய இடம் தவறு. தூய்மைவாதத்தின் பலம் அவையில் இருக்கவில்லை, பங்குகளில் இருந்தது. மடங்கள் கலைக்கப்பட்டபோது நிலத்தோடு வேறு இரண்டும் கைமாறின. ஒன்று, மடங்களுக்குரியதாயிருந்த பங்குக் குருவை நியமிக்கும் உரிமை, மற்றையது, தசமபாகம். கிறிஸ்தோபர் ஹில் 1956இல் எழுதிய திருச்சபையின் பொருளாதாரப் பிரச்சினைகள் பற்றிய நூல் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. எலிசபெத்தின் இறுதிக் காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குகளின் பெருந் தசமபாகம் மூலக் குருவுக்குச் செல்லாது பிறர் கைகளில், பெரும்பாலும் நிலவுடைமையாளரிடம், இருந்தது. இக்கனவான்களுட் சிலர், மேற்றிராணியார் விரட்டிய போதகரைத் தம் உரிமையிலுள்ள பங்கில் அமர்த்தினர். நகரத்து வணிகர் தமக்கு வேண்டிய போதகருக்குத் தாமே சம்பளம் வழங்கினர். திருச்சபையின் நிலத்தை விற்ற முடி, திருச்சபையின் வாயையும் ஓரளவு விற்றுவிட்டது.

ஆகவே அரசியால் இவர்களை அடக்க முடிந்தது விளிம்புகளிலேயே. 1583இல் அதிமேற்றிராணியாரான விட்கிவ்ற் பணிய மறுத்த குருமாரை நீக்கினார். 1588–89இல் ‘மாட்டின் மாபிறெலற்’ என்ற புனைபெயரில் மேற்றிராணிமாரைச் சந்தைமொழியில் எள்ளிய துண்டுப்பிரசுரங்கள் இரகசிய அச்சகங்களிலிருந்து வந்தன. ஆங்கில அங்கத உரைநடையின் வரலாறு இவற்றைத் தவிர்த்து எழுதப்பட முடியாதது. அச்சகம் பிடிபட்டது. திருச்சபையினின்று அறவே பிரிந்து நின்ற ஹென்றி பரோ, ஜோன் கிறீன்வூட் இருவரும் 1593 ஏப்ரலிலும், ஜோன் பென்றி மே மாதத்திலும் தூக்கிலிடப்பட்டனர். இம்மூவருக்கும் பலமிக்க புரவலர் இல்லை. புரவலர் இருந்தவர்கள் பங்குகளில் தொடர்ந்து போதித்தனர். அதே 1593ஆம் ஆண்டுப் பாராளுமன்றம், கத்தோலிக்கர் தம் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பாற் செல்லலாகாது என்றும் சட்டமியற்றியது.

1601 நவம்பரில், வணிகத் தனியுரிமைகளைக் கண்டித்துக் கொதித்தெழுந்த பொதுமக்கள் சபைக்கு அரசி விட்டுக்கொடுத்தாள். குடிகளின் அன்பே தன் முடியின் பெருமை என்ற பொருள்பட அவள் ஆற்றிய உரை ‘பொன்னுரை’ எனப் புகழப்படுகின்றது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு வாக்கியங்களை ஒட்டி இருசாராரையும் அமர்த்திய அதே திறமை அங்கும் வெளிப்பட்டது. ஆனால் தனியுரிமை பற்றிய பிணக்கில் ஒட்டுவதற்கு இரண்டாவது வாக்கியம் இருக்கவில்லை. 1603 மார்ச் 24இல் அவள் இறந்தாள்.

1640 டிசம்பரில், மேற்றிராணிமாரின் ஆட்சியை வேரோடும் கிளையோடும் களையுமாறு கோரும் இலண்டன் மக்களின் மனு பாராளுமன்றத்துக்கு வந்தது. 1646இல், உள்நாட்டுப் போரின் நடுவே, மேற்றிராணிப் பதவியே ஒழிக்கப்பட்டு அவர்களின் நிலங்கள் விற்பனைக்கு விடப்பட்டன. 1660இல் முடியாட்சி மீண்டபோது மேற்றிராணிமார் அந்நிலங்களைத் திரும்பப் பெற்றனர். 1540இல் கைமாறிய மடத்து நிலங்கள் வாங்கியோரின் பேரப்பிள்ளைகளிடமே இருந்தன.